'தெரியாது' என்று ஒரு மூன்றாவது அடுக்கு

அந்தப் பெண் தொழில் ஆர்வ வினாத்தாளை எட்டே நிமிடத்தில் முடித்துவிட்டாள். பள்ளியின் கடைசி வருடம். அம்மா வெளியே உட்கார்ந்திருந்தார். விடைகளைக் கூட்டி, ஆறு மதிப்பெண்களையும் வரைபடத்தில் குறித்தேன். ஆறும் தாழ்வாக, ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. தொழில் வழிகாட்டல் பயிற்சியை முடித்து நான் வேலைக்கு வந்த முதல் வருடம் அது. படித்ததை வைத்து, "தெளிவான ஆர்வம் இன்னும் உருவாகவில்லை. ஒரு வருடம் கழித்து மறுபடி சோதிக்கலாம்" என்று அறிக்கையில் எழுதினேன். அவளிடமும் அதையே சொன்னேன்.

"அப்போ எனக்கு எதுவுமே பிடிக்காதா மேடம்?"

"அப்படியெல்லாம் இல்லம்மா, கொஞ்சம் நாளாகும்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அவள் திரும்பி வரவில்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. அதற்குச் சரியான பதில் சொல்லும் நிலைக்கு வர எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. இடையில் கோட்பாடுகளைப் பற்றியும் சோதனைகளைப் பற்றியும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், பிள்ளையின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பி நிற்கும் பெற்றோருக்கும் இது உதவலாம். என்னிடம் வந்தவர்களை யாரும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்த ஆறு மதிப்பெண்கள் எங்கிருந்து வந்தன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜான் ஹாலந்து என்ற அமெரிக்க உளவியலாளர், இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் ஆட்களை நேர்காணல் செய்யும் வேலையில் இருந்தார். எத்தனையோ விதமான மனிதர்கள் வந்தாலும் அவர்களைச் சில வகைகளுக்குள் அடக்கிவிட முடிகிறது என்பதை அங்கே கவனித்தார். 1959-ல் அதைக் கோட்பாடாக வெளியிட்டார். கருவிகளோடும் பொருள்களோடும் வேலை செய்ய விரும்பும் செயல்முறை வகை, ஏன் எப்படி என்று துருவும் ஆராய்ச்சி வகை, புதிதாகப் படைக்க நினைக்கும் கலை வகை, பிறருக்குக் கற்பித்து உதவும் சமூக வகை, பேசி இணங்கவைத்து முன்னின்று நடத்தும் முனைவு வகை, கணக்கும் பதிவும் பிடித்த ஒழுங்குமுறை வகை என்று ஆறு. ஓர் அறுகோணத்தின் முனைகளில் இவற்றை வரிசையாக வைத்தால், அடுத்தடுத்து இருப்பவை ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை விலகி நிற்கும். வேலைகளையும் இதே ஆறாகப் பிரிக்கலாம் என்பதுதான் இதில் பெரிய வசதி. ஆளையும் வேலையையும் ஒரே சொற்களில் பேசிவிடலாம். அமெரிக்கத் தொழிலாளர் துறை இலவசமாகத் தரும் ஓநெட் ஆர்வ வினாத்தாளும் இந்த ஆறு வகைகளை வைத்துத்தான் இயங்குகிறது.

நல்ல கருவி. இன்றும் பயன்படுத்துகிறேன். அது எதை அளக்கிறது என்று கேட்டுக்கொள்ளாமல் இருந்ததுதான் என் தவறு.

புரிந்தது இன்னொரு மாணவனால். அவனுக்கும் தட்டையான வரைபடம்தான் வந்தது. இந்த முறை அறிக்கை எழுத உட்காராமல், வினாத்தாளை அவன் முன்னால் விரித்து ஒவ்வொரு வரியாகக் கேட்டேன். 'மண் மாதிரிகளைச் சோதித்து அறிக்கை தயாரிப்பது' என்ற வரிக்குப் 'பிடிக்காது' என்று குறித்திருந்தான். ஏன் என்று கேட்டேன்.

"இப்படி ஒரு வேலை இருக்குன்னே எனக்குத் தெரியாது மேடம். ரெண்டு கட்டம்தானே இருந்துச்சு."

அப்படியே பத்துப் பதினைந்து வரிகள் போனோம். பாதிக்கு மேல் அதே பதில்தான். பிடிக்கும், பிடிக்காது என்ற இரண்டு கட்டங்களுக்குள் அவன் 'தெரியாது' என்பதைத் திணித்திருக்கிறான். நானோ கூட்டிப் பார்த்துவிட்டு, ஆர்வம் இல்லை என்று வாசிக்க இருந்தேன். ஐந்து படிகள் வைத்து, நடுவில் 'உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்று ஒரு படி தரும் வினாத்தாள்கள் உண்டு. அங்கேயும் 'பார்த்திருக்கிறேன், பெரிதாக ஈர்க்கவில்லை' என்பவரும் 'பார்த்ததே இல்லை' என்பவரும் ஒரே படியில்தான் போய் நிற்பார்கள்.

தட்டையான வரைபடத்துக்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. சிலர் இயல்பாகவே எதற்கும் 'பிடிக்கும்' என்று சட்டெனச் சொல்ல மாட்டார்கள். சிலர் மனச்சோர்வில் இருப்பார்கள். அப்போது முன்பு பிடித்ததும் பிடிக்காமல் போகும். தாழ்ந்த மதிப்பெண்ணோடு தூக்கம், பசி, நண்பர்கள் எல்லாமே குறைந்திருக்கிறதா என்று விசாரிப்பது என் பழக்கமாகிவிட்டது. அப்படி இருந்தால் தொழில் பேச்சை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ அனுப்ப வேண்டும். இன்னும் சிலர் வீட்டில் தள்ளிவிட்டதால் வந்தவர்கள், சீக்கிரம் முடித்துவிட்டுப் போக நினைப்பவர்கள். எட்டு நிமிடத்தில் முடித்த பெண் இவர்களில் யார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை.

அதன் பிறகுதான் அட்டைகளுக்கு வந்தேன். லியோனா டைலர் என்ற உளவியலாளர் 1960-களின் தொடக்கத்தில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வேலையின் பெயர் இருக்கும். வருகிறவர் அவற்றை மூன்றாகப் பிரிக்க வேண்டும். தேர்ந்தெடுப்பேன், தேர்ந்தெடுக்க மாட்டேன், கருத்து இல்லை. அப்புறம் ஒவ்வோர் அடுக்கிலும் உள்ளதை, என்ன காரணத்தால் அங்கே வைத்தோம் என்று சொல்லிச் சிறு குழுக்களாகப் பிரிக்க வேண்டும். மதிப்பெண்ணே கிடையாது. காரணங்கள்தான் விளைவு.

நான் எண்பது அட்டைகளைக் கையால் எழுதிக்கொண்டேன். மூன்றாவது அடுக்குக்கு 'தெரியாது' என்று பெயர் வைத்தேன். பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பெரும்பாலோருக்கு அந்த அடுக்குதான் மிக உயரமாக வருகிறது. அதைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை என்று நினைத்து வந்தவர்கள், நான் இன்னும் எதையும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு போகிறார்கள். இந்த வேலையில் ஒரே ஒரு கருவியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அச்சிட்ட எல்லாச் சோதனைகளையும் கொடுத்துவிட்டு இந்த அட்டைகளை வைத்துக்கொள்வேன்.

இரண்டாவது அடுக்கில் வேறு விஷயம் இருக்கிறது. ஒரு பையன் செவிலியர், மழலையர் ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் மூன்றையும் தயங்காமல் 'மாட்டேன்' பக்கம் வைத்தான். ஆனால் வினாத்தாளில் அவனுக்குச் சமூக வகைதான் உச்சம். காரணம் கேட்டால், "அது பொண்ணுங்க வேலை" என்றான். எப்போதிலிருந்து அப்படி நினைக்கிறாய் என்றேன். யோசித்துப் பார்த்தான், அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

லிண்டா காட்ஃபிரட்சன் என்ற ஆய்வாளர் 1981-ல் வைத்த கோட்பாடு இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது. குழந்தைகள் வேலைகளைச் சேர்த்துக்கொண்டே வளர்வதில்லை, நீக்கிக்கொண்டே வளர்கிறார்கள் என்கிறார் அவர். மூன்று முதல் ஐந்து வயதில் பெரியவர், சிறியவர், வலியவர் என்று பார்க்கிறார்கள். ஆறு முதல் எட்டில் ஆண் வேலை, பெண் வேலை என்று ஒரு கோடு விழுகிறது. ஒன்பது முதல் பதின்மூன்றில் மதிப்புக் குறைவு என்று தோன்றும் வேலைகள் கீழேயும், எட்டாது என்று தோன்றுபவை மேலேயும் வெட்டப்படுகின்றன. தனக்கு எது பிடிக்கும் என்ற கேள்வி பதினான்கு வயதுக்குப் பிறகுதான் வருகிறது. அதற்குள் பாதிக் கதவுகள் மூடியிருக்கும். மூடியது ஞாபகத்திலும் இருக்காது. நினைத்தது கிடைக்காமல் இறங்கிவர நேரும்போது, மக்கள் முதலில் விட்டுக்கொடுப்பது தங்கள் ஆர்வத்தை, கடைசி வரை பிடித்துக்கொள்வது ஆண் வேலை, பெண் வேலை என்ற பிரிவை என்றும் அவர் சொன்னார். எவ்வளவு இறங்கிவர வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த வரிசை மாறும் என்று பின்னாளில் அவரே திருத்தினார். என் அனுபவத்தில் அந்தத் திருத்தம் சரியாகவே இருக்கிறது.

ஆக, 'மாட்டேன்' அடுக்கின் ஒவ்வொரு அட்டைக்கும் நான் கேட்கும் கேள்வி: "இதை வேண்டாம்னு முடிவு பண்ணினது யார்?" நானேதான் என்று காரணத்தோடு சொன்னால் அட்டை அங்கேயே இருக்கட்டும். அந்தப் பையனின் மூன்று அட்டைகளும் 'தெரியாது' அடுக்குக்கு நகர்ந்தன. அவன் செவிலியர் ஆனானா என்று கேட்காதீர்கள். ஆகவில்லை. ஆனால் வேண்டாம் என்று முடிவெடுத்தது இந்த முறை அவன்தான், ஒரு ஆண் செவிலியரோடு ஒரு மாலை முழுக்கப் பேசிய பிறகு.

ஆர்வத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். பெற்றோர் அடிக்கடி தடுமாறும் இடம் இது. எட்வர்ட் ஸ்ட்ராங் என்ற உளவியலாளர் 1927-ல் தன் ஆர்வ வினாத்தாளை வெளியிட்டபோது செய்தது எளிமையான, ஆனால் அருமையான வேலை. ஒரு தொழிலில் இருப்பவர்களுக்குப் பொதுவாக எவையெல்லாம் பிடிக்கின்றன என்று பார்த்து, அந்தப் பட்டியலோடு உங்கள் விடைகளை ஒப்பிட்டார். அந்த மதிப்பெண் உயர்ந்தால், நீங்கள் அந்தத் தொழில்காரர்களைப் போன்ற ரசனை உள்ளவர் என்று அர்த்தம். அந்தத் தொழிலுக்கான திறமை உங்களிடம் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. ஆர்வமும் திறனும் ஓரளவுதான் சேர்ந்து போகும். திறனுக்குத் தனிச் சோதனைகள் இருக்கின்றன. 1947-ல் வந்த வேறுபடு திறன் சோதனைத் தொகுப்பு போன்றவை மொழி, எண், வடிவம், இயந்திரம் என்று பிரித்து அளக்கும்.

அந்த அறிக்கைகளில் வரும் சதமானத்தைத் தயவுசெய்து மதிப்பெண்ணாகப் படிக்காதீர்கள். ஒரு அப்பா என்னிடம் "வெறும் அறுபத்திரண்டா?" என்று மகனை முறைத்தார். 62-ஆவது சதமானம் என்றால், ஒப்பிடும் குழுவில் நூறு பேரை நிறுத்தினால் சுமார் 62 பேரைவிட மேலே இருக்கிறான் என்று பொருள். தேர்வில் நூற்றுக்கு 62 எடுத்ததோடு இதற்குச் சம்பந்தமே இல்லை. அந்த ஒப்பீட்டுக் குழு யார் என்றும் கேளுங்கள். வேறு நாட்டில், வேறு மொழியில் படித்த பிள்ளைகளோடு ஒப்பிட்ட எண் உங்கள் பிள்ளையைப் பற்றி அதிகம் சொல்லாது. எந்தச் சோதனையிலும் அளவைப் பிழை உண்டு. இன்று எழுதியதை அடுத்த வாரம் எழுதினால் எண் கொஞ்சம் நகரும். அதனால் நான் புள்ளி வைப்பதை விட்டுவிட்டு, பென்சிலால் பட்டையாக வரைந்து காட்டுகிறேன். இரண்டு பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், எது அதிகம் என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

பதினாறு ஆளுமை வகைகளாகப் பிரிக்கும் மையர்ஸ்–பிரிக்ஸ் சோதனையைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். பேச்சைத் தொடங்க உதவும். ஆனால் அது ஒவ்வொரு குணத்தையும் ஒரு கோடு போட்டு இரண்டு பக்கமாகப் பிரிக்கிறது; அந்தக் கோட்டுக்கு அருகில் இருப்பவர் மறுமுறை எழுதும்போது எளிதில் மறுபக்கம் போய்விடுவார். ஆட்களை வேலைக்குத் தேர்ந்தெடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். அதை வைத்து ஒரு படிப்பையோ வேலையையோ யாரும் தீர்மானிக்க வேண்டாம்.

முதல் அடுக்கு, அதாவது 'பிடிக்கும்' என்பது, பிரச்சினை இல்லாத அடுக்கு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். தரவுகளைப் பிரித்துப் பார்க்கும் வேலை பிடிக்கும் என்று சொன்ன ஒரு மாணவி, அந்த அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கீழே வைத்துக்கொண்டே இருந்தாள். "பத்துக்கு எவ்வளவு பிடிக்கும்?" என்றேன். ஒன்பது என்றாள். "உன்னால முடியும்னு பத்துக்கு எவ்வளவு நம்புற?" மூன்று.

ராபர்ட் லென்ட், ஸ்டீவன் பிரவுன், கெயில் ஹாக்கெட் மூவரும் 1994-ல் வெளியிட்ட சமூக அறிதல் தொழில் கோட்பாட்டின் உயிர்நாடி இந்த இரண்டாவது எண்தான். உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா சொன்ன தன்திறன் நம்பிக்கையை அவர்கள் தொழில் தேர்வுக்குக் கொண்டுவந்தார்கள். முடியும் என்ற நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் ஆர்வம் வளரும். நம்பிக்கை இல்லாவிட்டால், இருக்கிற ஆர்வமும் நாளடைவில் வற்றிப்போகும். அந்த நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்றார் பந்தூரா: தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, நம்பகமானவர் சொல்லும் ஊக்கம், பதற்றமா அமைதியா என்று உடல் தரும் அறிகுறி. இவற்றில் பலமானது முதலாவது. நாம் வழக்கமாகச் செய்வதோ மூன்றாவதை மட்டும். "உன்னால முடியும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

அந்த மாணவிக்கு நான் ஊக்கம் எதுவும் சொல்லவில்லை. ஒரு சின்னப் பட்டியலைக் கொடுத்து, இதிலிருந்து ஒரே ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு வா என்றேன். கொண்டுவந்தாள். அடுத்த வாரம் கொஞ்சம் பெரிய பட்டியல். நான்காவது வாரம், அதே துறையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆன ஒரு பெண்ணோடு பேசவைத்தேன். மூன்று என்ற எண் ஆறு ஆயிற்று. 'பிடிக்கும்' அடுக்கில் உள்ள ஒவ்வோர் அட்டைக்கும் இப்போது இந்த இரண்டு எண்களையும் கேட்டு எழுதுகிறேன். முதல் எண் உயர்ந்து இரண்டாவது தாழ்ந்திருக்கும் அட்டைகளில்தான் என் வேலை நேரம் பெரும்பாலும் போகிறது. நம்பிக்கை உயர்ந்து விருப்பம் தாழ்ந்திருந்தால் அது வேறு ஆபத்து. நன்றாகச் செய்கிறான் என்பதற்காகவே எல்லோரும் அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

பெரியவர்களிடம் இந்த அடுக்குகள் அப்படியே செல்லாது என்பதையும் ஒருவரிடம் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். கணக்குப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். வேலை போய்விட்டது. வினாத்தாளில் ஒழுங்குமுறை வகை மிக உயரமாக வந்தது. சோதனை எவ்வளவு துல்லியமாக இருக்கிறது பாருங்கள் என்று ஆர்வமாகக் காட்டினேன். அவர் அமைதியாக, "அதைத்தானேம்மா இவ்வளவு வருஷமா பண்ணிட்டு இருந்தேன்" என்றார். அவருக்குத் தெரிந்ததையே அவருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

உளவியலாளர் டொனால்ட் சூப்பர் மனிதரின் தொழில் வாழ்வை வளர்ச்சி, தேடல், நிலைகொள்ளல், பேணல், விலகல் என்று கட்டங்களாகப் பிரித்தவர். ஆனால் ஒவ்வொரு பெரிய மாற்றத்திலும் இந்தச் சுழற்சி சிறிய அளவில் மறுபடி நடக்கும் என்றும் சொன்னார். நாற்பத்தைந்து வயதில் ஒருவர் மீண்டும் தேடல் கட்டத்துக்கு வருவது பின்னடைவு அல்ல என்று வேலை இழந்த அந்த மனிதரிடம் சொன்னபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் உண்மையில் உதவியது, வாழ்க்கை மாற்றங்களை மக்கள் எப்படிக் கடக்கிறார்கள் என்று ஆராய்ந்த நான்சி ஷ்லாஸ்பர்க்கின் நான்கு கேள்விகள். சூழ்நிலை எப்படி, ஆள் எப்படி இருக்கிறார், துணை யார், என்ன உத்திகள் கைவசம் இருக்கின்றன. மூன்றாவது கேள்வியில் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். வேலை போனதை வீட்டில் சொல்லவே இல்லை. தினமும் காலையில் கிளம்பி எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்புகிறார்.

அன்றைக்கு எந்தச் சோதனைத் தாளையும் நான் எடுக்கவில்லை. மனைவியிடம் எப்படிச் சொல்வது, முதல் வாக்கியம் என்னவாக இருக்கலாம் என்பதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினோம். அதுவும் தொழில் வழிகாட்டல்தான் என்று இன்று உறுதியாகச் சொல்வேன். அட்டைகளை மூன்றாவது சந்திப்பில்தான் வெளியே எடுத்தோம். அப்போது அவர் மனைவியும் பக்கத்தில் இருந்தார்.

சோதனை வைத்து, விளக்கி, அனுப்பிவிடும் வழக்கத்தை நான் முழுதாக மாற்றிக்கொண்டது ஸ்டீவன் பிரவுனும் நான்சி ரயான் கிரேனும் 2000-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகு. அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, எந்தக் கூறுகள் இருந்தால் வழிகாட்டல் நன்றாகப் பலன் தருகிறது என்று பார்த்தார்கள். வந்தவர் தன் கையால் எழுதுவது, அவருக்கென்றே தரும் விளக்கம், வேலை உலகத்தைப் பற்றிய தகவல், அந்த வழியில் போனவர்களைப் பார்ப்பது, துணை சேர்ப்பது என்று ஐந்து. சோதனை என்பது இதில் இரண்டாவதின் ஒரு பகுதி, அவ்வளவுதான். இப்போது என் கடைசிப் பதினைந்து நிமிடம் மௌனமாகப் போகும். அவர்கள் எழுதுவார்கள், நான் பேச மாட்டேன். எதை அடுத்துப் பார்க்கப் போகிறேன், எந்தத் தேதிக்குள், யாரிடம் உதவி கேட்பேன். எழுதிய தாள் அவர்களோடு போகும், நகல் என்னிடம் இருக்கும்.

அந்தத் தாளில் பெரும்பாலும் இடம்பிடிப்பது மூன்றாவது அடுக்கு அட்டைகள்தான். உளவியலாளர் ஜான் குரம்போல்ட்ஸின் எழுத்தில் கற்றது இது. முடிவெடுக்காமல் இருப்பதை நோயாகப் பார்க்காதீர்கள், அது திறந்த மனம் என்று வாதிட்டவர் அவர். எதிர்பாராமல் வரும் வாய்ப்புகள் தொழிலை வடிவமைக்கின்றன என்றும், அறியும் ஆவல், விடாமுயற்சி, வளைந்துகொடுத்தல், நல்லதே நடக்கும் என்ற எண்ணம், துணிந்து இறங்குதல் ஆகிய ஐந்தும் இருப்பவர் அந்த வாய்ப்புகளைத் தாமே உண்டாக்கிக்கொள்ள முடியும் என்றும் 1999-ல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து எழுதினார். ஒரு மாதத்துக்கு மூன்று அட்டைகள் போதும் என்று சொல்லி அனுப்புகிறேன். ஒன்றுக்கு ஒரு ஆளைச் சந்திக்கணும், ஒன்றை நேரில் போய்ப் பார்க்கணும், ஒன்றைச் சிறிய அளவில் செய்து பார்க்கணும். திரும்ப வந்ததும் அட்டையை எந்தப் பக்கம் வைக்கிறாய், ஏன் என்று கேட்பேன். மூன்றுமே 'மாட்டேன்' பக்கம் போனாலும் எனக்குத் திருப்திதான்.

அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த அறிக்கையின் நகல் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. இன்றைக்கு எழுதினால் இப்படி எழுதுவேன்:

"உனக்கு எதுவும் பிடிக்காது என்று இந்த எண்கள் சொல்லவில்லை. நீ 'பிடிக்காது' என்று குறித்த வேலைகளில் எத்தனையை நேரில் பார்த்திருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. எட்டு நிமிடத்தில் ஏன் முடித்தாய் என்றும் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் இந்த வரைபடத்தை வாசிக்க எனக்கு உரிமை இல்லை. அடுத்த வாரம் வா. எண்பது அட்டைகள் இருக்கின்றன. தெரியாதவற்றை எல்லாம் தனியாக எடுத்து வைப்போம். அது எவ்வளவு உயரமாக வந்தாலும் பயப்படாதே. அங்கிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறோம்."